வந்த வழியும் தங்கிய இடமும்: மருத்துவமனைக் கிருமிகள் குறித்த சூரிச் ஆய்வுகளை முன்வைத்து

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைகாட்டினால், முதலில் எழும் கேள்வி "இது எங்கிருந்து வந்தது?" என்பதுதான். நோயாளி அண்மையில் எந்த நாட்டுக்குப் போய்வந்தார், முன்பு எந்த மருத்துவமனையில் படுத்திருந்தார் என்று விசாரிக்கிறார்கள். கிருமியின் மரபணு வரிசையை உலகத் தரவுகளோடு ஒப்பிட்டு அதன் ஊரையும் உறவையும் கண்டுபிடிக்கிறார்கள். தேவையான விசாரணைதான். ஆனால் பல சமயம் இதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வந்த கிருமி ஏன் தங்கியது, ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இரண்டாவது கேள்வி. அதற்கான விடையை நோயாளியின் கடவுச்சீட்டில் தேடிப் பயனில்லை. மருத்துவமனையின் தண்ணீர்த் தொட்டியிலும் ஊழியர்களின் கைகளிலும் பணிநேரப் பட்டியலிலும்தான் தேட வேண்டும். சூரிச்சிலும் சுவிட்சர்லாந்தின் பிற நகரங்களிலும் கடந்த கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால், இரண்டாவது கேள்வியே கனமானது என்பது தெளிவாகிறது. இக்கட்டுரையின் வாதம் அதுவே.

முதல் கேள்வி எவ்வளவு தூரம் நம்மைத் திசைதிருப்பும் என்பதற்குத் தமிழ்நாட்டை ஒட்டிய சான்று ஒன்று உண்டு. டெல்லியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பின் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம், 2008-இல், கார்பபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுமந்த கிளெப்சியெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த நொதிக்கு டெல்லியின் பெயரைச் சேர்த்து என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளிவந்த ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என்று அந்த மரபணுவைக் கொண்ட கிருமிகளை அவ்வாய்வு பட்டியலிட்டது. டெல்லி கொதித்தெழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற பேச்சு நாடாளுமன்றம் வரை போனது. பெயர் சூட்டியதில் இங்கிதம் இல்லை என்ற மனத்தாங்கல் நியாயமானதே. ஆனால் அந்தச் சண்டையில் காணாமல் போனது ஒன்று: அந்த 44 கிருமிகளும் சென்னையில் நோயுற்ற மனிதர்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு நாட்டின் மானம் பற்றிய விவாதத்தில் அந்த நோயாளிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி மருந்து எதிர்ப்பாற்றல் குறித்து வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' வரும்வரை உருப்படியான பேச்சே தொடங்கவில்லை என்பது என் கணிப்பு.

கிருமி பயணிகளோடு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. தெற்காசியாவுக்குப் போய்வந்த சுவிஸ் பயணிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் செபலோஸ்போரின் மருந்துகளை முறியடிக்கும் ஈ.கோலையைக் குடலில் சுமந்து திரும்பியதாகக் கூறுகிறது. இந்தியா சென்றவர்களிடம் இது 87 விழுக்காட்டை எட்டியது. பயணிகள் மட்டுமா? டொமினிக்கன் குடியரசு, இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதியான 169 காய்கறி மாதிரிகளைச் சூரிச் பல்கலைக்கழகத்தின் உணவுப் பாதுகாப்பு நிறுவனத்தார் சோதித்து 2015-இல் வெளியிட்டனர். நாலில் ஒன்றில் இத்தகைய பாக்டீரியா இருந்தது. ஊரிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் கீரையையும் பாகற்காயையும் தேடிப்போய் வாங்கும் சூரிச் தமிழர்கள் கழுவியும் வேகவைத்தும்தான் உண்கிறார்கள் என்பது ஆறுதல்.

ஆனால் குடலில் குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. அதே பயணிகளில் சிலரை ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது பத்தில் ஒருவருக்கும் குறைவானவரிடமே அக்கிருமி எஞ்சியிருந்தது. நலமாக நடமாடும் மனிதரின் குடலில் போட்டிக்கு ஆயிரம் பாக்டீரியா இனங்கள் இருக்கின்றன. வந்த விருந்தாளி பெரும்பாலும் தானாகவே விடைபெறுகிறது. அதே கிருமி, மூச்சுக்குழாயில் ஒரு குழாய், கழுத்துச் சிரையில் ஒன்று, சிறுநீர்ப்பையில் ஒன்று என்று படுத்திருப்பவரிடம் போனால் கதை மாறுகிறது. அவருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கே அதன் போட்டியாளர்களைக் கொன்று இடத்தைக் காலிசெய்து தருகிறது. 2017-இல் சுவிஸ் மருத்துவமனைகளில் ஒரே நாள் கணக்காக எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், நோயாளிகளில் 5.9 விழுக்காட்டினருக்கு மருத்துவமனையில் தொற்றிய நோய் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

பூர்வீகம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2017 டிசம்பர் இறுதியில் பெர்ன் மாநிலத்தில் வான்கோமைசினுக்கு அடங்காத எண்டரோகாக்கஸ் பரவல் தொடங்கியது. நான்கே மாதத்தில் 80-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் அது காணப்பட்டது. மரபணு வரிசையைப் பார்த்தால், அதுவரை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மட்டும் அறியப்பட்ட வகை. செல்வமும் சுகாதாரமும் மிகுந்த நாடுகள் அவை. அப்போது எந்த நாட்டின் பெயரும் அந்தக் கிருமிக்குச் சூட்டப்படவில்லை. எந்த நாடாளுமன்றமும் கொதிக்கவில்லை. எப்படிப் பரவியது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் நேரே போய்விட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டி

இரண்டாவது கேள்விக்குச் சூரிச் தந்த மிகச் சிறந்த விடை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரவில்லை. அடுத்த கதவான இதய அறுவை அரங்கிலிருந்து வந்தது. கிருமியும் நாம் வழக்கமாக அஞ்சும் வகை அன்று. மைக்கோபாக்டீரியம் கிமேரா என்பது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு, தண்ணீரில் வாழ்வது, மிக மெதுவாக வளர்வது, சாதாரண ஆன்டிபயாட்டிக்குகள் அதனிடம் செல்லாது. ஆயினும் ஒரு மருத்துவமனைக் கிருமியை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

செயற்கை வால்வோ குருதிக்குழாய் ஒட்டோ பொருத்தப்பட்ட ஆறு நோயாளிகள், அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டுக்கும் மூன்றரை ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நோயுற்றுத் திரும்பினர். காய்ச்சல், எடைக்குறைவு, காரணம் புரியாத சோர்வு. வழக்கமான குருதிக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. இத்தனை இடைவெளிக்குப் பிறகு வரும் நோயை அறுவையோடு முடிச்சுப் போடவே யாருக்கும் தோன்றாது. இரண்டு நோயாளிகளிடம் ஒரே அரிய கிருமி என்று கண்டவுடன், ஹூகோ சாக்ஸ் தலைமையிலான சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையின் தொற்றுத்தடுப்புக் குழு, 2012-க்குப் பின் பழைய பதிவேடுகளைப் புரட்டியும் அறுவை அரங்கின் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தும் பார்த்தது.

குற்றவாளி அகப்பட்ட இடம், அறுவையின்போது நோயாளியின் குருதியைக் குளிர்வித்தும் சூடேற்றியும் தரும் கருவியின் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீர் நோயாளியின் குருதியைத் தொடுவதே இல்லை. தனிக் குழாய்ச்சுற்றில் ஓடுகிறது. அதனால்தான் அதன்மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் கருவி ஓடும்போது தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளை அதன் விசிறியே அரங்கின் காற்றில் தள்ளுகிறது. கருவி ஓடும்போது எடுத்த காற்று மாதிரிகளில் கிமேரா வளர்ந்தது. திறந்த மார்பின் மேல் படிய ஒரு துளி போதும். 2015-இல் இது வெளியானதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே வகைக் கருவிகளைத் தேடிச் சோதித்தார்கள். பல நாட்டுக் கிருமிகளின் மரபணு வரிசையை ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வு, ஜெர்மனியில் உள்ள உற்பத்திக்கூடத்தையே பொது மூலமாகச் சுட்டியது.

கருவியே மூலம் என்று தெரிந்த பிறகு சூரிச்சில் நடந்ததுதான் என் வாதத்துக்கு முதுகெலும்பு. அங்கே புத்தம் புதிய கருவிகள் 2014-இல் வாங்கப்பட்டன. துப்புரவு முறையும் கிருமிநீக்க முறையும் கடுமையாக்கப்பட்டன. பணத்துக்கோ ஒழுங்குக்கோ குறைவில்லாத ஊர், விழித்துக்கொண்ட மருத்துவமனை. அப்படியும், இடைநிலைக் (மீடியன்) கணக்கில் 174 நாளில், அந்தப் புதிய கருவிகளின் தண்ணீரில் மைக்கோபாக்டீரியா மீண்டும் வளர்ந்தது. 2016-இல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்; அதற்காகவே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். தொட்டியின் உட்சுவரில் பாசிபோல் படியும் உயிர்ப்படலத்தை மருந்து முழுவதுமாகக் கொல்லாது. கடைசியில் பயன்பட்ட வழி வேதியியல் சார்ந்தது அன்று; கட்டுமானம் சார்ந்தது. கருவியைக் காற்றுப்புகாத உறைக்குள் அடைத்து, அதன் காற்றை அரங்கின் வெளியேற்றுக் குழாயோடு இணைத்தார்கள். கிருமியைக் கொல்ல முடியாதபோது அதன் பாதையை அடைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கைகழுவும் தொட்டிகளுக்கும் இதே கணக்குதான். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 2014-இல் நோயாளி அறைகளிலிருந்து தொட்டிகளையே பெயர்த்தெடுத்து, தண்ணீரில்லாப் பராமரிப்புக்கு மாறினார்கள்; கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா குடியேறும் விகிதம் குறைந்தது. கை கழுவுவதற்கென்று வைத்த தொட்டியின் வடிகால் வளைவே கிருமிகளின் வீடாக இருந்தது என்றால், நாம் 'சுத்தம்' என்று நம்பிக்கொண்டிருப்பதை மறுபடியும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கையும் நேரமும்

இனிக் கைக்கு வருவோம். சூரிச் குழு தீவிர சிகிச்சைப் பிரிவு ஊழியர்களின் தலையில் சிறு கேமரா மாட்டி அவர்கள் கை எதை எதைத் தொடுகிறது என்று பதிவுசெய்து 2017-இல் வெளியிட்டது. ஏறத்தாழ 5 மணி நேரப் பராமரிப்பில் 4,000-க்கும் மேற்பட்ட தொடுகைகள். அதாவது நிமிடத்துக்கு 14. எழுத்தில் படிக்கும்போது இது நம்பமுடியாத எண்ணாகத் தெரியும்; படுக்கையருகே நின்று பார்த்தால் தெரியாது. செவிலியர் மூச்சுக்குழாயில் சளி உறிஞ்சுகிறார், மானிட்டர் அலறுகிறது, விரலால் அதை நிறுத்துகிறார், தலையணை சரிகிறது, நிமிர்த்துகிறார், மருந்து பம்ப் காலியென்று சிவப்பு விளக்கு காட்டுகிறது, சென்டிரல் லைனின் மூடியைத் திறக்கிறார். சளியிலிருந்து குருதிவரை இருந்த தூரம் அரை நிமிடம். இந்த அரை நிமிடத்தில் அவர் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் எவை என்பதை வரையறுத்துக் காட்டியதே, ஹூகோ சாக்ஸ் ஜெனீவாவில் இருந்தபோது சக ஆய்வாளர்களோடு 2007-இல் வெளியிட்ட 'ஐந்து தருணங்கள்' முறை. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வார்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ஐந்து எண் கொண்ட படம் அதுதான்.

ஆனால் சுவரொட்டி நேரத்தை உண்டாக்கித் தராது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் 20-ஐத் தாண்டும். பாசெல் நகரின் ஆந்திரேயாஸ் விட்மரும் சக ஆய்வாளர் ஒருவரும் 1997-இல் போட்ட கணக்கு ஒன்று உண்டு: 12 ஊழியர் உள்ள பிரிவில் எல்லாரும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சோப்புப் போட்டுக் கழுவினால், ஒரு பகல் பணிமுறையில் மொத்தம் 16 மணி நேரம் கழுவுவதிலேயே போகும், படுக்கையருகே ஆல்கஹால் கரைசல் இருந்தால் 3 மணி நேரம். கடமையுணர்ச்சி பற்றிய நல்லுரைகள் அனைத்தையும்விட இந்தக் கழித்தல் கணக்கு அதிகம் சாதித்தது. ஜெனீவாவில் ஆய்வாளர் டிடியே பிட்டே இந்த ஆல்கஹால் முறையை மருத்துவமனை முழுதும் செயல்படுத்தி 2000-இல் வெளியிட்ட முடிவுகள்: கைத்தூய்மை 48 விழுக்காட்டிலிருந்து 66-க்கு உயர்ந்தது, மருத்துவமனைத் தொற்று 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9-க்கு இறங்கியது.

நாடு முழுவதற்குமான போக்கும் இதையே சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் குருதியில் காணப்படும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் மெத்திசிலினுக்கு அடங்காதவை 2004-இல் 13 விழுக்காட்டை ஒட்டி இருந்து, பின்னர் 5-க்குக் கீழே வந்தன. அதே காலத்தில் செபலோஸ்போரினுக்கு அடங்காத ஈ.கோலை 1 விழுக்காட்டிலிருந்து 10-ஐ ஒட்டி ஏறியது. முன்னது முதன்மையாக மருத்துவமனைக் கைகளால் பரவுவது. பின்னது ஊரில், உணவில், குடலில் பரவுவது. மருத்துவமனை தன் கைக்கு எட்டியதைக் குறைத்தது; எட்டாதது ஏறியது. ஒரே நாட்டில், ஒரே மருந்துக் கொள்கையின் கீழ், இரு கிருமிகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன என்றால், மருந்துப் பயன்பாட்டை மட்டும் வைத்து இந்தச் சிக்கலை விளக்க முடியாது.

ஆல்கஹால் புட்டியையும் தாண்டிய ஒன்று ஆள் எண்ணிக்கை. ஜெனீவாவின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1999 முதல் 2002 வரை 1,883 நோயாளிகளைத் தொடர்ந்து, 2007-இல் வெளியான ஆய்வு, ஒரு நாளில் ஒரு நோயாளிக்கு 2.2 செவிலியருக்கு மேல் என்ற விகிதம் காக்கப்பட்டிருந்தால் தொற்றுகளில் நாலில் ஒன்றுக்கு மேல் தவிர்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2021 நவம்பர் 28-ஆம் நாள் செவிலியர் பணிநிலையை மேம்படுத்தக் கோரும் முன்மொழிவைச் சுவிஸ் வாக்காளர்கள் 61 விழுக்காடு ஆதரவோடு நிறைவேற்றினார்கள். தொழிலாளர் உரிமைச் செய்தியாகவே அது நாளிதழ்களில் வந்தது. என் பார்வையில் கிருமிகளின் மருந்து எதிர்ப்பாற்றலுக்கு எதிரான தீர்மானமாகவும் அதைப் படிக்கலாம்.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவரின் கையும் செவிலியரின் கையும் ஆய்வுகளில் எண்ணப்படுகின்றன. படுக்கைக் கம்பியையும் தொட்டியையும் துடைக்கும் கை அபூர்வமாகத்தான் எண்ணப்படுகிறது. இந்த நாட்டின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அந்தக் கைகளில் கணிசமானவை புலம்பெயர்ந்தவர்களுடையவை. ஈழத் தமிழர்களுடையவையும் உண்டு. ஐந்து தருணங்களை அவர்களுக்கு அவர்கள் மொழியில் யாராவது விளக்கினார்களா என்பதும் தொற்றுத்தடுப்பின் பகுதிதான்.

புதிய மருந்து வருமா?

வரும், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. சூரிச் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜான் ராபின்சனின் குழு 2010-இல் சூடோமோனாசின் வெளிச்சவ்வு கட்டப்படுவதைத் தடுக்கும் புதுவகை மூலக்கூறை வெளிக்கொணர்ந்தது. அதிலிருந்து பிறந்த முரெபவாடின், வென்டிலேட்டர் நிமோனியாவுக்கான மூன்றாம் கட்டச் சோதனை வரை போய், எதிர்பார்த்ததைவிடச் சிறுநீரகப் பாதிப்பு அதிகம் என்பதால் 2019-இல் நிறுத்தப்பட்டது. அதே வெளிச்சவ்வு ஏற்பாட்டின் வேறொரு கண்ணியைத் தாக்கும் சோசுரபால்பின், அசினெட்டோபாக்டருக்கு எதிராகப் பாசெலின் ரோஷ் நிறுவனத்தில் உருவாகிவருகிறது. 2024 தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் அதன் அறிமுகம் வந்தது. வரவேற்போம். வடிகால் வளைவில் குடியிருக்கும் கிருமிக்கு அதையும் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது என்பதையும் நினைவில் வைப்போம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சுவிட்சர்லாந்தில் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளால் ஆண்டுக்குச் சுமார் 300 பேர் இறப்பதாக அரசு மதிப்பிடுகிறது. இந்தியாவின் சுமை வேறு அளவினது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் இமிபெனம் என்ற கார்பபெனம் வகை மருந்துக்கு அடங்கும் கிளெப்சியெல்லா 2016-இல் 65 விழுக்காடாக இருந்து 2020-இல் 45-க்கு இறங்கிவிட்டது. சமூகமே கிருமியில் மூழ்கியிருக்கும் ஊரில், தொட்டியையும் உறையையும் பற்றிப் பேசுவது பணக்கார நாட்டுப் பேச்சு ஆகாதா?

ஆகாது என்பதற்குச் சான்று டெல்லியில் இருக்கிறது. மூன்று பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், குருதித் தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தவை. முதலிடத்தில் இருந்தது அசினெட்டோபாக்டர்; அதில் பெரும்பகுதி பல மருந்துகளுக்கு அடங்காதது. அந்தக் குழந்தைகள் எந்த ஊருக்கும் பயணம் போனதில்லை; வாழ்நாளில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை; அண்டை வீட்டுத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பிறப்பறைக்கும் படுக்கைக்கும் இடையே அவர்களைத் தொட்டதுதான் பெரும்பாலும் கிருமியைக் கொடுத்திருக்க வேண்டும். சுமை மிகுந்த இடத்தில் இரண்டாவது கேள்வியின் கனம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

மருந்துக் கடைகளைக் கட்டுப்படுத்த 2014 மார்ச்சிலிருந்து இந்தியாவில் எச்-1 அட்டவணை நடப்பில் இருக்கிறது. கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் 2019-இல் தடைசெய்யப்பட்டது. இரண்டும் வேண்டியவை; இரண்டும் மருந்தின் பக்கம் நிற்பவை. கட்டடத்தின் பக்கமும் ஆளின் பக்கமும் அதே அளவுக்குக் கட்டாயம் வர வேண்டும். தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு என் கோரிக்கை இது: தீவிர சிகிச்சைப் பிரிவின் கல்ச்சர் முடிவுகளை ஆண்டறிக்கையாக வெளியிடும்போது, அதே பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு செவிலியருக்கு எத்தனை வென்டிலேட்டர் நோயாளிகள் இருந்தார்கள், செலவான ஆல்கஹால் கரைசல் எத்தனை லிட்டர், கடைசியாக எந்த நாளில் எந்தத் தொட்டியின் வடிகாலிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது என்பதையும் அச்சிடுங்கள். இவற்றுக்குப் புதிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பணிப்பதிவேடும் கிடங்குக் கணக்கும் ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கின்றன.